மனிசனை அடிக்கக் கப்பலேறினோம்

என் கணவரை அடிப்பதற்காக என் அண்ணன்மார் இரண்டு பேரும் நோர்வே வரைக்கும் கப்பலில் போனார்கள். இதை யாருக்குச் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் அன்றைக்குச் சிரித்தேன், உதடு கிழிந்து கிடந்த வாயோடு.

எண்பதுகளின் கடைசியில் கலியாணப் பெண்ணாக லண்டனுக்கு வந்தேன். தோர்ன்ரன் ஹீத்தில் ஒரு மாடி வீடு. அவர் பெற்றோல் நிலையத்தில் வேலை. வெளியில் அவரைப்போல ஒரு தங்கமான மனிதரைக் காணமுடியாது. கோயிலில் தேவாரம் பாடுவார், கலியாண வீடுகளில் பந்தி பரிமாற முதல் ஆளாக எழும்புவார், வயதானவர்களின் பையை வாங்கிச் சுமப்பார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் அந்த ஆள் இல்லை. ஒருமுறை ரெலிபோன் ரிசீவரால் காதடியில் அடித்தார். ஒருமுறை சூடான அகப்பையால் தோளில் இழுத்தார். சில வேளை அடிக்கவே மாட்டார். பக்கத்தில் வந்து இருந்து, என் கையைப் பிடித்து, விரலைப் பின்பக்கமாக மடக்கிக்கொண்டே தொலைக்காட்சி பார்ப்பார். என் சின்னவிரல் இன்றைக்கும் நேராக நிற்காது.

அண்ணன்மாருக்குத் தெரியாமலில்லை. பெரியண்ணைக்கு நோர்பரியில் பலசரக்குக் கடை இருந்தது. சின்னண்ணையும் அங்கேதான் நின்றார். இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து "பேசித் தீர்த்தார்கள்". பேசித் தீர்ப்பது என்றால் இதுதான்: நான் தேத்தண்ணீரும் றோல்ஸும் கொண்டுவந்து வைப்பேன், பெரியண்ணை தொண்டையைச் செருமுவார், என் கணவர் கண் கலங்குவார், வேலைப் பளு என்பார், பிறகு எல்லோருமாக ஊர்ச் சண்டைச் செய்தி கதைத்துவிட்டு எழும்புவார்கள். அவர்களுடைய கார் தெருமுனை திரும்புவதற்குள் எனக்கு அதற்கான அடி விழும்.

மூன்றாவது தடவை என் இடக்கண் மூடிக் கிடந்ததைப் பெரியண்ணை நேரில் கண்டுவிட்டார். அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஊரில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. தங்கச்சியின் மேல் கை வைத்தவனை அண்ணன்மார் ஒழுங்கைக்குள் கூப்பிட்டு நாலு சாத்துச் சாத்துவார்கள். பொலிசும் இல்லை, கோடு கச்சேரியும் இல்லை. அன்று பின்னேரமே மச்சானும் மச்சானும் ஒன்றாயிருந்து கள்ளுக் குடிப்பார்கள். ஆனால் லண்டனில் ஒழுங்கைக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக் கிழவி நாங்கள் கதவை அடித்துச் சாத்தினாலே பொலிசுக்கு ரெலிபோன் அடிப்பாள். போதாததற்கு, அண்ணன்மார் இருவரும் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"பொலிஸ் கேஸ் ஒண்டு விழுந்தா எல்லாம் போச்சு. இந்த நாட்டு மண்ணிலை அவனைத் தொடேலாது" என்றாராம் பெரியண்ணை.

இந்த நாட்டு மண்ணில்தானே தொடக்கூடாது. சின்னண்ணை வெம்பிளியில் ஒரு ரிக்கற் கடையிலிருந்து கப்பல் பயணப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். நோர்வேயில் கடல் மலைகளுக்கு நடுவே பாம்புபோல நீளமாகப் புகுந்து கிடக்கிற இடங்கள் உண்டு, ஃபியோர்ட் என்பார்கள். அப்படியொன்றில் கப்பல் ஒரு பகல் முழுக்க நிற்கும். ஆள் நடமாட்டம் குறைந்த, மனிதக் கை படாத இடம் என்று அதில் அச்சடித்திருந்தது. அதை வாசிக்கிற வெள்ளைக்காரனுக்கு அமைதி ஞாபகம் வரும். என் அண்ணன்மாருக்குச் சாட்சி இல்லாத இடம் என்று பட்டது. தெய்வமே, இப்படியும் இரண்டு மூளைசாலிகளை எனக்கு அண்ணன்மாராகத் தந்தாயே.

எங்களிடம் சொன்னது வேறு. மனக்கசப்பு மாற எல்லோருமாக ஒரு பயணம் போவோம் என்றார்கள். என் கணவர் புதுச் சட்டை வாங்கினார். எனக்கு அவர்களின் திட்டம் எதுவும் தெரியாது. நான் சம்மதித்தது என்னுடைய காரணத்துக்காக. பெரியண்ணை வீட்டு மாடியில் பின்பக்கமாக ஒரு அறை இருந்தது. அரிசி மூட்டை அடுக்குகிற அறை. அதை எனக்கும் மகளுக்கும் தரச்சொல்லிக் கேட்கவேண்டும். அதற்குப் பெரியண்ணையை ஒரு அரைமணி நேரம் தனியாகப் பிடிக்கவேண்டும். லண்டனில் முடியவில்லை. கடைக்குப் போனால் சனம், ரெலிபோன் எடுத்தால் மற்ற அறையில் இவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு கிழமை ஒரே கப்பலில் இருந்தால் எங்காவது ஒரு மூலையில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு அப்போது வேறு ஆசையே இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவும், அதற்குப் பின்னால் நானும் எட்டு வயது மகளும்.

ரில்பரி துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். அண்ணன்மார், பெரியண்ணையின் மனைவியான அண்ணி, நாங்கள் மூவர். சாப்பாட்டு மேசையில் எங்களோடு ஒரு வயதான ஆங்கிலேயத் தம்பதி. பறவை பார்ப்பதற்காகவே ஊரூராகப் போகிறவர்கள். இருவர் கழுத்திலும் பைனாகுலர் தொங்கும். என் கணவர் அந்தக் கிழவிக்குத் தினமும் நாற்காலி இழுத்துவிட்டார். இப்படியொரு கணவர் கிடைக்க நீ கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் ரொட்டியை மென்றுகொண்டிருந்தேன்.

ஃபியோர்டுக்குள் கப்பல் நுழைந்த காலையில் நான் மேல்தட்டுக்குப் போனேன். இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை. மலையிலிருந்து நூல் நூலாக அருவி. தண்ணீர் அசையவில்லை. அழகென்றால் அப்படியொரு அழகு. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உலகத்தில் இப்படியொரு இடமும் இருக்க, நான் ஒரு குசினிக்குள் அடுப்பின் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தேனே என்று வந்த ஆத்திரம்.

அண்ணி பின்னால் வந்து என் காதுக்குள் சொன்னார்: "இண்டைக்கு உம்மடை மனிசனுக்கு இருக்கு."

"என்ன இருக்கு?"

"சின்னவர் ஒரு தடியும் பார்த்து வைச்சிருக்கிறார். நீர் ஒண்டும் தெரியாத மாதிரி வாரும்."

சின்னப் படகுகளில் கரைக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். ஒரு மரத் துறை, நாலைந்து வீடு, ஐஸ்கிறீம் விற்கிற ஒரு கடை. அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு ஐஸ்கிறீம் கடைக்குப் போய்விட்டார். பெரியண்ணை என் கணவரின் தோளில் கை போட்டார்.

"வாரும் மச்சான், அருவி பாத்திட்டு வருவம்."

பாதை மலையடியால் ஏறியது. நானும் பின்னால் போனேன். வராதே என்று யாரும் சொல்லவில்லை. நான் பார்க்கவேண்டும் என்றுதான் அவர்களும் விரும்பினார்கள் போல. ஒரு திருப்பத்தில் துறை மறைந்தது. அருவியின் சத்தம் காதை அடைத்தது. சின்னண்ணை நின்று முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்தார். பிறகு ஊன்றிக்கொண்டு வந்த தடியால் என் கணவரின் காலுக்குக் குறுக்காக விட்டார்.

அவர் முழந்தாளில் விழுந்தார். பெரியண்ணை தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி முகத்தில் குத்தினார். மூக்கு உடைந்த சத்தம் அருவியையும் மீறிக் கேட்டது. புதுச் சட்டையில் இரத்தம் கொட்டியது. "என்ரை தங்கச்சியிலை கை வைப்பியோ? வைப்பியோடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். சின்னண்ணை விலாவில் உதைத்தார். அவர் சுருண்டு கிடந்து "ஐயோ மச்சான், ஐயோ மச்சான்" என்றார். நான் பொய் சொல்லமாட்டேன். முதல் அடிகள் எனக்கு இனித்தன. என் நாக்கில் இனித்தது. இன்னும் என்று மனதுக்குள் கத்தினேன். இத்தனை வருடமும் நான் வாங்கிய அடிக்கெல்லாம் ஒரு சத்தம் உண்டு. அந்தச் சத்தம் வேறொரு உடம்பிலிருந்து வருவதைக் கேட்க எனக்கு உயிர் வந்தது.

பிறகு அவர் தலையைத் திருப்பினார். அடித்தவர்களை அவர் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வீங்கிய கண்ணிமைக்குள்ளால் அந்தப் பார்வையை நான் அறிவேன். பொறு, வீட்டுக்கு வா என்கிற பார்வை.

அடித்து முடித்ததும் அண்ணன்மார் அவரை அருவித் தண்ணீரில் முகம் கழுவவைத்தார்கள். பெரியண்ணை தன் கைலேஞ்சியால் அவருடைய நாடியைத் துடைத்தும் விட்டார். கோபமெல்லாம் போய் அவருடைய முகத்தில் ஒரு கலியாண வீட்டுக் களை வந்திருந்தது.

"சரி, நடந்தது நடந்து போச்சு. இனிப் பழசைக் கதைக்கிறேல்லை. தங்கச்சியின்ரை கையைப் பிடியும்."

அவர் பிடித்தார். சின்னண்ணை கமெராவை எடுத்தார். அருவியை முதுகுக்குப் பின்னால் வைத்து, உடைந்த மூக்கோடு அவரையும் பக்கத்தில் என்னையும் நிறுத்திப் படம் எடுத்தார். சிரிக்கச் சொன்னார். கமெராவுக்குத் தெரியாமல் முதுகுப்பக்கமாக என் சின்னவிரலை என் கணவர் மடக்கிக்கொண்டிருந்தார்.

இறங்கி வரும்போது நான் ஓடிப்போய்ப் பெரியண்ணையின் சட்டையைப் பிடித்தேன்.

"அண்ணை, நான் இனி இவரோடை போகமாட்டன். உங்கடை மேல் அறையை எனக்கும் பிள்ளைக்கும் தாங்கோ. அரிசி மூட்டையோடை படுக்கிறம்."

"விசர்க்கதை கதையாதை. இப்பதானே எல்லாம் சரிக்கட்டினது."

"நீங்கள் அடிச்சது எனக்குத்தான் திரும்பி வரும் அண்ணை."

"வராது. இனி அவன் பெட்டிப்பாம்பு. கட்டின பொம்பிளை அண்ணன் வீட்டிலை வந்து குந்தினா சனம் என்ன சொல்லும்? நாளைக்கு உன்ரை மோளை ஆர் கட்டுவான்?"

அவ்வளவுதான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஒரு அறை தர மனமில்லாதவர் என் பேரில் ஒருவனின் மூக்கை உடைக்கத் தயாராக இருந்தார். அதுதான் அவருக்குச் சுகமான வேலை.

மத்தியானம் கப்பலுக்குத் திரும்பினோம். மகளை அண்ணி தன் அறைக்குக் கூட்டிப்போனார். எங்கள் அறைக்குள் வந்ததும் என் கணவர் கதவைப் பூட்டினார். கண்ணாடியில் தன் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு குளியலறையிலிருந்து துவாய் ஒன்றை எடுத்து நனைத்துப் பிழிந்து முறுக்கினார்.

"சத்தம் வரப்படாது" என்றார்.

ஈரத் துவாய் முதுகில் விழும்போது சத்தம் பெரிதாக வராது, நெருப்பு மட்டும் வரும். "இது உன்ரை பெரியவனுக்கு" என்றார். "இது சின்னவனுக்கு." நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தேன். அவர் குனிந்து என் தலையைக் கட்டில் சட்டத்தில் மோதினார். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. "இது போட்டோவுக்கு." வட்டச் சன்னலுக்கு வெளியே அதே மலையும் அதே அருவியும் தெரிந்தன. சாகிறேனோ என்று பயந்தேன். என்னை நினைத்து அல்ல. மகள் பிறகு இந்த மனிதரோடு தனியாக அந்த வீட்டில் இருப்பாளே என்றுதான் பயந்தேன். அதை நினைத்ததும்தான் எனக்கு மூச்சே திரும்ப வந்தது.

கதவைத் தட்டினார்கள்.

அவர் துவாயைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுத் தலையை வாரிக்கொண்டு கதவைத் திறந்தார். கப்பல் அதிகாரி ஒருவர், கப்பல் தாதி, கூடவே நோர்வேப் பொலிஸ்காரர் ஒருவர். பறவை பார்க்கிற தம்பதி அருவிக்கு எதிரான சரிவில் இருந்து பைனாகுலரால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். ஆள் நடமாட்டமில்லாத இடத்தைத் தேடி வருகிறவர்கள் தாங்கள் மட்டும்தான் என்று என் அண்ணன்மார் நினைத்துவிட்டார்கள், பாவங்கள். கிழவி கப்பலுக்கு ஓடிவந்து சொல்ல, பக்கத்து ஊரிலிருந்து பொலிஸ்காரர் படகில் வந்துவிட்டார்.

உன்னை அடித்தது யார் என்று அந்தப் பொலிஸ்காரர் என் கணவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

என் கணவர் மரியாதையாகச் சிரித்தார். யாரும் அடிக்கவில்லை, பாறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. லண்டன் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் நான் சொன்னது அதே வசனம். பாறைக்குப் பதிலாகப் படி, அவ்வளவுதான். அதே மரியாதை, அதே சிரிப்பு. அதைக் கேட்டு டொக்டர்மார் என் முகத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. நான் தரையில் இருந்தபடியே சத்தமாகச் சிரித்தேன். கிழிந்த உதட்டால் இரத்தம் வழிந்து சட்டையில் விழுந்தது. தாதி அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

வழுக்கி விழவில்லை என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். என் இரண்டு அண்ணன்மாரும் அடித்தார்கள், இவர் என்னை அடிக்கிறவர் என்பதற்காக. அதற்காக இவர் இப்போது என்னை அடித்தார். எங்கள் வீட்டில் ஒருநாளும் ஒருவரும் வழுக்கி விழுந்ததில்லை. எழும்பி நின்று சட்டையைப் பின்பக்கமாகத் தூக்கிக் காட்டினேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை விழுங்கிக்கொண்டுதான் காட்டினேன்.

சத்தம் கேட்டு எதிர் அறையிலிருந்து பெரியண்ணை ஓடிவந்தார். பின்னால் அண்ணியும் என் மகளும்.

"எடியே, வாயை மூடு! எங்களைக் காட்டிக் குடுக்கிறியோ?"

"ஓம். எல்லாரையும்தான் காட்டிக் குடுக்கிறன்."

பொலிஸ்காரரின் கண் முன்னாலேயே, அவருடைய தோளுக்கு மேலால் கையை நீட்டிப் பெரியண்ணை என் கன்னத்தில் அறைந்தார். காலையில் எனக்காக இன்னொருவனின் மூக்கை உடைத்த கை. எனக்கு இரண்டு பக்கமும் காது கூவியது. அப்போதும் நான் ஒன்றைக் கவனித்தேன். என் மகள் கத்தினாள், தாதி கத்தினாள், கப்பல் அதிகாரி பதறிப்போனார். அண்ணி மட்டும் திடுக்கிடவில்லை. அந்தக் கை உயர்ந்தவுடனேயே கண்ணை மூடித் தலையை ஒருபக்கம் சரித்துக்கொண்டு நின்றார். தனக்குத்தான் விழப்போகிறது என்பதுபோல.

பொலிஸ்காரர் பெரியண்ணையின் கையை முதுகுக்கு முறுக்கிச் சுவரோடு அமர்த்தினார். கட்டிலுக்குக் கீழே கிடந்த துவாயையும் எடுத்துக்கொண்டார். மகளையும் என்னையும் தாதி தன் அறைக்குப் பக்கத்து அறையில் விட்டு, கதவைப் பூட்டுகிற திறப்பை என் கையிலேயே தந்தாள். என் கணவர் தன்னை அடித்தவர்கள்மேல் முறைப்பாடு இல்லை என்றார். ஆண்களுக்குள் அப்படி ஒரு பெருந்தன்மை. நான் முறைப்பாடு உண்டு என்றேன், மூன்று பேர்மேலும். பொலிஸ்காரர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, மிச்சத்தை லண்டன் பொலிஸ் பார்க்கும் என்று அவர்களைக் கப்பலிலேயே விட்டுப் போனார். கப்பல் திரும்புகிற வழியெல்லாம் அவர்கள் மூவரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். அவர்களுக்குள் இனிப் பகை இல்லை, நான் ஒருத்திதான் எதிரி.

ரில்பரியில் லண்டன் பொலிசுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவர் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று பிறகு கோட்டில் தீர்ப்புச் சொன்னார்கள். இறங்குதுறையில் பெரியண்ணை என் முகத்தைப் பார்க்காமல் தன் காரின் கதவைத் திறந்து, "ஏறும் மச்சான், எங்கடை மேல் அறையிலை இரும்" என்றார். எனக்கில்லாத அறை அவருக்கு இருந்தது. அரிசி மூட்டைகளை ஒரே நாளில் கீழே இறக்கிவிட்டார்களாம்.

அந்த இடத்தில்தான் நான் அழுதேன். கணவர் போனதற்காக அல்ல. அவர் எங்காவது தொலையட்டும். சின்ன வயதில் மழைக்குத் தன் சட்டைக்குள் என்னை நுழைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன என் அண்ணனுக்காக அழுதேன். நானும் மகளும் ரயில் ஏறி வீட்டுக்கு வந்து பூட்டை மாற்றினோம்.

கோயிலில், கடைகளில், சனம் என்னைக் கண்டால் விலகியது. கூடப்பிறந்தவர்களைப் பொலிசில் பிடித்துக் கொடுத்தவள் என்று என் பெயர் சவுத்தால் வரைக்கும் போயிற்று. அண்ணன்மாரின் குடியுரிமையும் தள்ளிப்போயிற்றாம். போகட்டும். நான் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலைக்குச் சேர்ந்தேன். மகள் குளியலறையில் உரத்துப் பாடத் தொடங்கினாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மாரி தொடங்கிய ஒரு சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. சங்கிலியைப் போட்டுக்கொண்டு கதவை நீக்கிப் பார்த்தேன். அண்ணி நின்றார். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. கன்னம் ஒருபக்கம் கறுத்து வீங்கியிருந்தது.

"என்ன அண்ணி இது?"

"உம்மடை மனிசனுக்கு இனி நான் சோறு போடமாட்டன் எண்டு சொன்னனான். அதுக்கு உம்மடை அண்ணை தந்தது."

அவர் என்னைப் பார்க்காமல் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று கப்பலில் என் காதுக்குள் அண்ணன்மாரின் திட்டத்தைச் சொன்னவர் என்று எனக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. இரண்டு மூன்று தரம் வாயைத் திறந்து மூடினார். நான் என் அண்ணனிடம் கேட்டதை என்னிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை என்பது தெரிந்தது. கேட்கவைத்தால் நான் மனுசியே இல்லை.

சங்கிலியைக் கழற்றினேன்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளை வாங்கோ அண்ணி. குளிருது."